ஓடினால்தான் விளையாட்டு: பழைய கன்சோல் கேம்களும் அவற்றைக் காத்த ரசிகர்களும்

நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் கன்சோல் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்காக 1985-இல் வெளியான 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஃபேமிகாமுக்கு வந்த விளையாட்டுகள் அத்தனையும் விரல் நக அளவுள்ள ஒரு மெமரி கார்டில் அடங்கிவிடும். ஆக, சேமித்து வைக்க இடம் இல்லை என்ற பேச்சே எழவில்லை. ஆனாலும், 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான வீடியோ கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று 2023 ஜூலையில் ஓர் ஆய்வு கண்டறிந்தது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, சாஃப்ட்வேர் பிரிசர்வேஷன் நெட்வொர்க்குடன் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. எஞ்சிய 13 சதவீதத்தை மட்டுமே ஒருவர் முறைப்படி காசு கொடுத்து வாங்கி விளையாட முடியும். மற்றவற்றை விளையாட விரும்புபவர் பழைய கருவியையும் பழைய கேசட்டையும் தேடிப் பிடிக்க வேண்டும். அல்லது ஏதாவது ஓர் ஆவணக் காப்பகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். அல்லது அனுமதியற்ற நகலை நாட வேண்டும்.

இந்த நிலைக்குக் காரணம், வீடியோ கேம் என்பது வைத்துக் காக்கக்கூடிய பொருளாக மட்டும் இல்லாததுதான். கேசட், அதைப் படிக்கும் கன்சோல், படம் காட்டும் தொலைக்காட்சி, கையில் பிடிக்கும் கண்ட்ரோலர், விளையாடத் தெரிந்த ஆள் ஆகிய ஐந்தும் கூடும்போதுதான் விளையாட்டு நடக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேசட் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான். இந்த உண்மையை முதலில் புரிந்துகொண்டவர்கள் அருங்காட்சியகங்களோ, தயாரித்த நிறுவனங்களோ அல்லர், ரசிகர்கள். சம்பளமும் அங்கீகாரமும் இல்லாமல், பல நேரங்களில் சட்டத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, அவர்கள் செய்த வேலையே இன்று இத்துறையின் அடித்தளம்.

முதலில் பொருள் எப்படி அழிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கேசட்டுக்குள் இருக்கும் சிப்பில் தகவல் தொழிற்சாலையிலேயே நிலையாகப் பதிக்கப்படுகிறது. அது நெடுங்காலம் தாங்கும். தாங்காதது அதன் பக்கத்தில் இருக்கும் பேட்டரி. 1987-இல் அமெரிக்காவில் வெளியான 'தி லெஜன்ட் ஆஃப் செல்டா' போன்ற கேசட்டுகள், ஆடுபவர் விட்ட இடத்தை நினைவில் வைக்க நாணயம் போன்ற சிறு பேட்டரியை நம்பின. பேட்டரி தீர்ந்ததும் பல ஆண்டு உழைப்பின் பதிவு மறைகிறது. விளையாட்டு ஓடும், அதை ஒரு காலத்தில் ஆடிய சிறுவனின் தடயம் இருக்காது. கன்சோலின் உடலுக்கும் நோய் உண்டு. 1990-இல் வந்த சேகா கேம் கியரின் கெபாசிட்டர்கள் கசிந்து பலகையையே அரிக்கின்றன. குறுந்தட்டுகளில் அலுமினியப் படலம் காற்றுபட்டு மெல்ல மங்குகிறது.

இவற்றைவிட மோசமான கதி ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துடையது. 1986-இல் வந்த இந்த இணைப்புக் கருவி, இரு பக்கமும் சேர்த்து 112 கிலோபைட் கொள்ளும் காந்த வட்டுகளைப் படித்தது. ஜப்பானியக் கடைகளில் வைத்திருந்த எழுதும் இயந்திரத்தில் 500 யென் கொடுத்தால் பழைய விளையாட்டை அழித்துப் புதியதை ஏற்றித் தருவார்கள். சிக்கனமான, அழகான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு புதுப் பதிவும் பழையது ஒன்றின் அழிவு. அந்தச் சேவையை நின்டெண்டோ 2003 வரை நடத்தியது. இன்று கிடைக்கும் வட்டு ஒவ்வொன்றிலும் மேலே ஒட்டிய பெயர் ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்க வாய்ப்பு உண்டு. வட்டைச் சுழற்றும் ரப்பர் பட்டையோ இளகிக் கூழாகிவிடுகிறது.

அழிவதற்கு முன் உள்ளிருப்பதைப் படித்து எடுப்பதே முதல் வேலை. கேசட்டின் முனைகளோடு ஒரு சிறு கருவியை இணைத்து, சிப்பில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் கணினிக்கு இறக்க வேண்டும். இதைச் செய்பவர்கள் 'டம்ப் எடுப்பது' என்கிறார்கள். எடுத்தது சரியானதா என்பதே அடுத்த கேள்வி. முனையில் தூசி இருந்தால் ஒரு பிட் மாறிவிடும். விளையாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், பத்தாவது கட்டத்தில் திடீரென்று நின்றுபோகும். 1990-களில் பரவிய நகல்களில் பல இப்படிக் குறைபட்டவை. சிலவற்றில் நகலெடுத்தவர் தன் பெயரைத் தொடக்கத் திரையில் செருகியிருந்தார். ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த வழியையே இந்த ரசிகர்களும் கண்டடைந்தார்கள். வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு ஆள் வைத்திருக்கும் ஒரே விளையாட்டின் கேசட்டுகளைத் தனித்தனியே படித்து, ஒவ்வொரு கோப்புக்கும் கணித முறையில் ஒரு கைரேகை எண்ணைக் கணக்கிட்டு, எண்கள் ஒத்துப்போனால் மட்டுமே அதை மெய்யான பிரதி என்று பட்டியலில் ஏற்றுகிறார்கள். கேசட்டுகளுக்கு நோ-இன்ட்ரோ குழுவும் குறுந்தட்டுகளுக்கு ரீடம்ப் குழுவும் இந்தப் பட்டியல்களைப் பேணுகின்றன. நோ-இன்ட்ரோ என்ற பெயரே, நகலெடுத்தவர் செருகிய முன்னுரைத் திரை இல்லாத தூய பிரதி என்பதைக் குறிக்கிறது. இப்பட்டியல்களில் விளையாட்டு இருக்காது. பெயரும், அளவும், கைரேகை எண்ணும் மட்டும் இருக்கும். ஆனாலும் எந்தக் காப்பகமும் தன் கையில் உள்ள பிரதி நம்பத்தக்கதா என்று சரிபார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

பிரதி கிடைத்தபின் அதை ஓட்டும் இயந்திரம் வேண்டும். பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். 1997-இல் வெளியான நெஸ்டிகிள் என்ற எமுலேட்டர் 25 மெகாஹெர்ட்ஸ் கணினியிலேயே ஃபேமிகாம் விளையாட்டுகளை வேகமாக ஓட்டியது, உலகெங்கும் பரவியது. ஆனால் அது வேகத்துக்காகப் பல இடங்களில் குறுக்குவழி எடுத்தது. புகழ்பெற்ற விளையாட்டுகள் ஓடினால் போதும் என்பதே அன்றைய நோக்கம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி ஒட்டுவேலை செய்து ஓட வைத்தார்கள். ஒட்டுவேலை செய்யப்படாத, யாரும் பேசாத விளையாட்டு கைவிடப்பட்டது.

இந்தப் போக்குக்கு எதிராக, முதலில் பையூ என்றும் பின்னர் நியர் என்றும் புனைபெயர் கொண்ட நிரலாளர் 2004-இல் பிஎஸ்நெஸ் என்ற எமுலேட்டரைத் தொடங்கினார். சூப்பர் நின்டெண்டோ கன்சோலின் உள்ளே ஒவ்வொரு கணமும் என்ன நடக்கிறதோ, அதை அப்படியே நிகழ்த்த வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட விதி. அசல் கன்சோலின் மையச் செயலி அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ்; அதை முழுத் துல்லியத்துடன் போலச்செய்ய 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டியிருந்தது. இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் இரண்டு விளையாட்டுகளைக் காட்டினார். 'ஏர் ஸ்ட்ரைக் பெட்ரோல்' விளையாட்டில் விமானத்தின் நிழல், திரையில் ஒரு கோடு வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இடையில் அமைப்பை மாற்றி வரையப்படுகிறது. கோட்டுக்குக் கோடு வரையும் எமுலேட்டரில் நிழல் தெரியாது. நிழல் இல்லாமல் குண்டை எங்கே போடுவது என்று கணிக்க முடியாது. 'ஸ்பீடி கோன்சாலஸ்' விளையாட்டின் கடைசிப் பகுதியில் ஒரு பொத்தானை மிதித்ததும் நிரல் எதுவுமே இல்லாத முகவரியைப் படிக்கிறது. அசல் கருவியில் கம்பியில் தங்கிய பழைய மதிப்பு கிடைத்து ஆட்டம் தொடரும். எமுலேட்டர் அதை அறியாவிட்டால் விளையாட்டு அங்கேயே உறைந்துவிடும். இரண்டுமே பெரும்பாலோர் கேள்விப்படாத விளையாட்டுகள். பிரபலமானதை மட்டும் காப்பது தேர்வு; அனைத்தையும் காப்பதே பாதுகாப்பு. இந்த வேறுபாட்டை நிலைநாட்டியது அவருடைய பெரும் பங்களிப்பு.

சில சூப்பர் நின்டெண்டோ கேசட்டுகளுக்குள் விளையாட்டுடன் கூடுதல் செயலியும் இருந்தது. 'சூப்பர் மாரியோ கார்ட்', 'பைலட்விங்ஸ்' ஆகியவற்றில் சாய்ந்த தரையைக் கணக்கிட டிஎஸ்பி-1 என்ற சிப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் உள்நிரலை வெளியிலிருந்து படிக்க வழி இல்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரசிகர்கள் பணம் திரட்டி, இத்தகைய சிப்புகளின் உறையை அமிலத்தால் கரைத்து, உள்ளிருக்கும் சிலிக்கானை நுண்ணோக்கியில் படமெடுத்து, புள்ளி புள்ளியாக நிரலை வாசித்தார்கள். ஒரு பிரதியைப் பலி கொடுத்து அந்த வகை முழுவதையும் மீட்ட வேலை இது.

துல்லியமான எமுலேட்டரும் தீர்க்காத ஒன்று உண்டு: திரை. பழைய விளையாட்டுகளின் ஓவியர்கள் குழாய்த் தொலைக்காட்சியை மனதில் வைத்தே வரைந்தார்கள். 1991-இல் வந்த 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்' விளையாட்டில் அருவி, ஒரு கோடு விட்டு ஒரு கோடாகச் செங்குத்துக் கோடுகளால் ஆனது. சாதாரணக் கேபிள் வழியே குழாய்த் திரைக்குப் போகும்போது கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் கண்ணாடி போன்ற நீராகத் தோன்றும். இன்றைய கூர்மையான திரையில் அது வெறும் கம்பி வேலி. 'டக் ஹன்ட்' துப்பாக்கியோ இன்றைய திரையில் வேலையே செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியின் கண் அந்த ஒளியை அந்த நொடித்துளியிலேயே பிடிக்க வேண்டும். நவீனத் தொலைக்காட்சி படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. துப்பாக்கி பார்க்கும்போது ஒளி வந்திருக்காது. குழாய்த் திரையின் ஒளிச்சிதறலைப் போலச்செய்யும் மென்பொருள்கள் இப்போது வந்துள்ளன. ஆனால் கனமான பழைய தொலைக்காட்சிகளைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போவது, இத்துறையில் அதிகம் பேசப்படாத ஓர் இழப்பு.

காப்பாற்ற முடியாமலே போனவையும் உண்டு. 1995 ஏப்ரல் முதல் 2000 ஜூன் வரை நின்டெண்டோ, சாட்டலாவியூ என்ற கருவி வழியாக ஜப்பானிய வீடுகளுக்குச் செயற்கைக்கோளில் விளையாட்டுகளை ஒலிபரப்பியது. 'பிஎஸ் செல்டா' வாரம் ஒரு பகுதியாக, குறித்த நேரத்தில் மட்டும் ஆடக் கிடைத்தது. ஆடும்போது நடிகர்களின் குரலும் இசையும் வானொலி போலக் கூடவே வரும். விளையாட்டுத் தரவு சிறு மெமரி கேசட்டில் தங்கியது. குரல் எதிலும் தங்கவில்லை. சந்தையில் கிடைக்கும் பழைய மெமரி கேசட்டுகளை ரசிகர்கள் வாங்கி உள்ளிருப்பதைப் படிக்கிறார்கள். குரலுக்கு, அன்று யாராவது வீடியோ நாடாவில் பதிந்து வைத்த நிகழ்ச்சியே ஒரே ஆதாரம். அப்படிக் கிடைத்த நாடாக்களைக் கொண்டு 'பிஎஸ் செல்டா'வை ஏறக்குறைய மறுபடியும் ஆடக்கூடிய வடிவில் கட்டியெழுப்பினார்கள்.

ரசிகர் சமூகம் என்பது இந்த நுட்ப வேலைக்குத் துணையாக வந்த கூட்டம் அன்று. சில விளையாட்டுகள் உயிரோடு இருப்பதே அதனால்தான். இதற்கு 'மதர்' வரிசையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எழுத்தாளர் ஷிகேசாதோ இதோய் உருவாக்கிய முதல் 'மதர்' 1989-இல் ஜப்பானில் வந்தது. அதன் ஆங்கில வடிவம் அடுத்த ஆண்டே முடிந்தது, ஆனால் வெளியிடப்படவில்லை. 1990-களின் இறுதியில் அந்த வெளிவராத வடிவத்தின் ஒரு சோதனைக் கேசட் சேகரிப்பாளர் கைக்கு வர, ரசிகர்கள் பணம் போட்டு அதைப் படித்து எடுத்து 1998-இல் பரப்பினார்கள். நின்டெண்டோ அதே மொழிபெயர்ப்பை அதிகாரபூர்வமாக வெளியிட்டது 2015 ஜூனில். பதினேழு ஆண்டுகள் அந்த விளையாட்டு ரசிகர் கையில் மட்டுமே ஆங்கிலத்தில் இருந்தது.

மூன்றாவது பகுதியின் கதை இன்னும் அழுத்தமானது. 2006-இல் ஜப்பானில் வெளியான 'மதர் 3' வேறெங்கும் வரவில்லை. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான கிளைட் மாண்டெலின் தலைமையில் ஒரு தன்னார்வக் குழு சுமார் இரண்டு ஆண்டு உழைத்து, 2008 அக்டோபரில் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. முதல் வாரத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அது பதிவிறக்கப்பட்டது. குழு வெளியிட்டது விளையாட்டை அன்று. அசல் கோப்பில் எந்தெந்த இடத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும் சிறு ஒட்டுக்கோப்பை மட்டுமே. அசலை ஆடுபவரே பெற வேண்டும். அதிகாரபூர்வ வெளியீட்டுக்குப் பயன்படுமானால் தன் மொழிபெயர்ப்பை இலவசமாகத் தருவதாக 2013-இல் மாண்டெலின் நின்டெண்டோவுக்கு அறிவித்தார். நிறுவனத்தின் ஆங்கில 'மதர் 3' இன்றுவரை வரவில்லை.

ஆடும் திறனும் பாதுகாக்கப்பட வேண்டிய ஒன்றுதான். 1989-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'டெட்ரிஸ்' கேசட்டில் 29-ஆம் நிலையே மனிதக் கைக்கு எல்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அதற்குமேல் கட்டைகள் விழும் வேகத்துக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்து ஈடுகொடுக்க முடியாது. 2010-இல் தொடங்கிய உலகப் போட்டி, அசல் கன்சோலையும் குழாய்த் தொலைக்காட்சியையும் வைத்தே நடந்தது. பொத்தானை அதிர்வு போலத் தட்டும் முறையில் தேர்ந்த 16 வயது ஜோசப் சேலி 2018-இல் பட்டம் வென்றார். அதன்பின் கண்ட்ரோலரின் பின்பக்கத்தை விரல்களால் உருட்டித் தட்டும் புதிய முறை பரவியது. 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலையை எட்ட, கணக்குத் தாளாமல் விளையாட்டே உறைந்து நின்றது. 34 ஆண்டு பழைய கேசட் ஒன்றில் எவரும் காணாத புது இடம் அன்று திறந்தது. ஆடுகளமும் ஆட்டக்காரரும் தொடர்ந்து இருந்ததால் மட்டுமே அது நடந்தது.

சட்டத்தின் நிலை இவ்வளவு தெளிவாக இல்லை. எமுலேட்டர் எழுதுவது குற்றமன்று என்பதற்கு, எமுலேட்டர் தயாரித்த கனெக்டிக்ஸ் மீது சோனி நிறுவனம் தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் அளித்த தீர்ப்பு வலுவான துணை. விளையாட்டின் பிரதியை அனுமதியின்றிப் பரப்புவது பதிப்புரிமை மீறல் என்பதிலும் ஐயமில்லை. இடையில் தவிப்பவை நூலகங்கள். நூலகங்கள் தம்மிடம் உள்ள, விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து அணுக அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. ஆய்வாளர் நேரில் கட்டடத்துக்குச் சென்றுதான் ஆட வேண்டும். அதே நேரத்தில் விற்பனைக் கதவுகளும் மூடப்படுகின்றன: நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான இணையக் கடை 2019 ஜனவரியிலும், வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களின் கடைகள் 2023 மார்ச் 27 அன்றும் மூடப்பட்டன. விற்கவும் மாட்டோம், நூலகம் காட்டவும் கூடாது என்ற இந்த இரட்டைப் பூட்டு நியாயமானதன்று. உரிமையாளரின் வருவாய்க்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இழப்பு பண்பாட்டுக்கு மட்டுமே.

நிறுவனங்கள் தம் பொருளையே காக்கத் தவறியதும் உண்டு. 2002-இல் வந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்' விளையாட்டின் மூலநிரல் தொலைந்துபோனதால், 2013-இல் அதைப் புதுப்பித்து வெளியிடக் கடையில் விற்ற வட்டை ஆராய்ந்தே மீண்டும் கட்டினார்கள். அந்தக் குறையை ஈடுசெய்யச் சில அமைப்புகள் முயல்கின்றன. ஜப்பானின் தேசிய டயட் நூலகம் 2000 முதல் வீடியோ கேம்களையும் சட்டப்படி பெற்றுச் சேர்க்கிறது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் கருவிகளோடு வடிவமைப்பாளர்களின் தாள்களையும் வாங்குகிறது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் பழைய இதழ்களையும் தயாரிப்பு ஆவணங்களையும் 2025 ஜனவரியில் தன் மின்னூலகத்தில் திறந்துவைத்தது.

இத்தனைக்கும் வெளியே ஒரு பெரும் பரப்பு இருக்கிறது. நின்டெண்டோ நேரடியாகக் கால் வைக்காத நாடுகளில் ஃபேமிகாமின் நகல் கருவிகளே ஒரு தலைமுறைக்கு வீடியோ கேம் ஆக இருந்தன. ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி, சீனாவில் சுபோர் போன்றவை. தமிழ்நாட்டு வீடுகளில் 'டிவி கேம்' என்று வாங்கப்பட்டதும் இத்தகைய நகல் கருவியே. உள்ளே ஃபேமிகாமின் சுற்று முழுவதும் கரும்பிசின் பூசிய ஒற்றைச் சிப்பாகச் சுருங்கியிருக்கும். 'ஆயிரம் கேம்' என்று எழுதிய கேசட்டில் சில பத்து விளையாட்டுகளே பெயர் மாறி, தொடங்கும் நிலை மாறித் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் நினைவகத்தை மாற்றி மாற்றிக் காட்டத் தனித்தனிச் சுற்றுகளைப் பயன்படுத்தினர். ஃபேமிகாம் பிரதிகளுக்கான 1996-இன் ஐநெஸ் கோப்பு வடிவம் வழிசெய்த 256 சுற்று வகைகளும் இவற்றுக்குப் போதாமல், பின்வந்த வடிவத்தில் எண்வரிசையை 4095 வரை நீட்டினார்கள். உரிமையற்ற சரக்கு என்பதால் எந்த நூலகத்துக்கும் இவை சட்டப்படி வந்து சேரவில்லை. சேகரிப்பாளர்கள் இப்போது பலகையை இருபுறமும் படமெடுத்து, சுற்றைக் கண்டறிந்து, கேசட் கேசட்டாகப் படித்து எடுத்து வருகிறார்கள். ஒவ்வொன்றின் பட்டியல் திரையும், அதற்கென்று சேர்த்த பின்னணி இசையும், மாற்றியெழுதிய விளையாட்டுப் பெயர்களும் அந்தந்தக் கேசட்டில் மட்டுமே உள்ளன. தயாரித்தவர் யார் என்ற பதிவுகூடப் பெரும்பாலும் பலகையில் அச்சிட்ட எண்ணைத் தவிர வேறெங்கும் இல்லை.